கம்பெனி திவால் நடைமுறைக்குப் போனபின் வரி வழக்கு: வக்கீல் செலவு யாருடையது?

உங்கள் பிரைவேட் லிமிடெட் கம்பெனி, திவால் மனுக்களை விசாரிக்கும் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்துக்கு, அதாவது என்.சி.எல்.டி.க்குப் போய்விட்டது. ஜி.எஸ்.டி. பாக்கியோ வருமான வரி பாக்கியோ நிற்கிறது. துறை ஒரு தொகை சொல்கிறது, உங்கள் கணக்குப் புத்தகம் வேறு தொகை சொல்கிறது. இந்த நிலையில் இருக்கும் இயக்குநருக்கும் அவருடைய கணக்காளருக்கும் இதை எழுதுகிறேன்.

நான் இயக்குநராக இருந்த நிறுவனமும் இந்த வழியில்தான் போனது. வரி எவ்வளவு என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஆட்கள் இருந்தார்கள். அந்தத் தொகையை எதிர்த்து வாதாட ஆகும் வக்கீல் ஃபீஸை யார் கொடுப்பது என்று கேட்டால் நேரான பதில் வரவில்லை. பதில் திவால் சட்டத்தில் கொஞ்சம், அதன் கீழுள்ள ஒழுங்குமுறைகளில் கொஞ்சம், ஐ.பி.பி.ஐ. என்ற திவால் வாரியத்தின் ஒரு சுற்றறிக்கையில் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கிறது. தேடி எடுத்ததை வேலை நடக்கும் வரிசையில் இங்கே வைக்கிறேன். இந்தச் சட்டமும் ஒழுங்குமுறைகளும் அடிக்கடி திருத்தப்படுகின்றன. ஆகவே பிரிவு எண்ணை இங்கே பார்த்துக்கொண்டு, வாசகத்தை அன்றைய தேதியில் உள்ள பிரதியில் சரிபாருங்கள்.

எந்த பில் கையில் வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். வக்கீலை யார் நியமித்தார்கள்? யாருக்காக அவர் ஆஜரானார்? வேலை நடந்தது எந்தத் தேதியில்? பணம் யாருடையது என்பது பெரும்பாலும் இந்த மூன்றிலேயே தெரிந்துவிடும்.

1. அட்மிஷன் உத்தரவின் தேதியைக் குறித்து வையுங்கள்

திவால் மனுவை என்.சி.எல்.டி. ஏற்றுக்கொண்டு உத்தரவிடும் நாள்தான் சட்டப்படி நடைமுறை தொடங்கும் நாள். மனு போட்ட தேதியோ, நோட்டீஸ் வந்த தேதியோ அல்ல. அன்றோடு இயக்குநர் குழுவின் அதிகாரம் நின்றுவிடும். அது திவால் சட்டத்தின் 17ஆம் பிரிவு. நிறுவனத்திடம் வசூல் செய்வதற்கு 14ஆம் பிரிவின்படி தடை வரும். எல்லோரும் மொரட்டோரியம் என்று சொல்வது இதைத்தான். நிர்வாகம் இடைக்காலத் தீர்வு அதிகாரியிடம், அதாவது ஐ.ஆர்.பி.யிடம் போகும். பிறகு அவரோ வேறொருவரோ தீர்வு அதிகாரியாக, அதாவது ஆர்.பி.யாகத் தொடர்வார்.

வரியும் அந்தத் தேதியில் இரண்டாகப் பிரிகிறது. அதற்கு முந்தைய காலத்து வரி, துறை தாக்கல் செய்ய வேண்டிய ஒரு கிளெய்ம். மற்ற கடன்களோடு அதுவும் வரிசையில் நிற்கும். அந்தத் தேதிக்குப் பிறகு நிறுவனம் ஓடுவதால் உண்டாகும் ஜி.எஸ்.டி.யும் டி.டி.எஸ்.ஸும் சி.ஐ.ஆர்.பி. செலவு, அதாவது இந்தத் திவால் தீர்வு நடைமுறையின் செலவு. அவற்றை ஆர்.பி. உரிய தேதியில் முழுதாகக் கட்டியாக வேண்டும்.

ஜி.எஸ்.டி.யில் இந்தப் பிரிவைக் கண்ணாலேயே பார்க்கலாம். 2020 மார்ச் 21 தேதியிட்ட 11/2020 அறிவிக்கையின்படி, ஐ.ஆர்.பி. நியமனமான 30 நாளுக்குள் நிறுவனத்துக்குப் புதிய ஜி.எஸ்.டி. பதிவு எடுக்க வேண்டும். நியமனத்துக்கு முந்தைய ரிட்டர்ன்கள் எல்லாம் தாக்கலாகியிருந்தால் இது தேவையில்லை என்று அதே ஆண்டு மே மாதம் 39/2020 அறிவிக்கை தளர்த்தியது. ஆகவே உங்கள் ஜி.எஸ்.டி.ஆர்.-1, 3பி எந்த மாதம் வரை போயிருக்கிறது என்பதை முதல் வேலையாகப் பாருங்கள். உத்தரவுத் தேதி மாத நடுவில் விழுந்தால், அந்த மாத விற்பனைப் பில்களைத் தேதிவாரியாகப் பிரித்து ஒரு பட்டியல் போட்டு வையுங்கள். பின்னால் வரும் தகராறில் பாதி அந்த ஒரு மாதத்தைப் பற்றியதாகவே இருக்கும்.

2. பழைய வக்கீல் பாக்கியைத் தனியாக எடுத்து வையுங்கள்

அட்மிஷனுக்கு முன்பே உங்கள் நிறுவனம் ஒரு வரி அப்பீல் நடத்திக்கொண்டிருக்கலாம். அந்த வக்கீலுக்கும் ஆடிட்டருக்கும் நிறுவனம் பாக்கி வைத்திருந்தால், அவர்களும் ஆபரேஷனல் கடன் கொடுத்தவர்கள்தான், அதாவது பொருளோ சேவையோ தந்து பணம் வரவேண்டியவர்கள். படிவம் பி-யில் கிளெய்ம் போட்டு வரிசையில் நிற்க வேண்டும். "கேஸ் இன்னும் நடக்கிறதே, பழைய பாக்கியையும் சேர்த்துக் கொடுங்கள்" என்று ஆர்.பி.யிடம் கேட்டால் அவரால் கொடுக்க முடியாது. தொடக்கத் தேதிக்கு முன் ஆன செலவு சி.ஐ.ஆர்.பி. செலவில் சேராது.

இங்கே ஒரு வழக்கமான சிக்கல் உண்டு. ஃபீஸ் வராது என்று தெரிந்ததும் சிலர் கேஸ் கட்டைத் தர மறுப்பார்கள். ஃபீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கோப்பைப் பிடித்து வைக்கும் உரிமை வக்கீலுக்கு இல்லை என்று ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. சண்டை வேண்டாம். அந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதுங்கள், பாக்கிக்குப் படிவம் பி-யில் கிளெய்ம் போடலாம் என்பதையும் அதிலேயே சொல்லுங்கள். அவருக்கும் வழி காட்டியதாகும், கோப்பும் வந்துசேரும்.

3. எந்த வகைத் தகராறு என்று பிரித்துக்கொள்ளுங்கள்

எல்லாவற்றையும் "வரி கேஸ்" என்று ஒரே பெயரில் பேசுவதால்தான் குழப்பம் வருகிறது. செலவைத் தீர்மானிக்க இப்படிப் பிரிப்பது உதவும்:

- துறையின் கிளெய்ம் தொகை சரியா என்ற தகராறு
- வங்கிக் கணக்கிலிருந்து துறை எடுத்த பணத்தைத் திரும்பக் கேட்பது
- மதிப்பீட்டு உத்தரவை எதிர்த்து வரிச் சட்டத்தின் கீழ் அப்பீல்
- அட்மிஷன் உத்தரவையே எதிர்த்து அப்பீல்
- இயக்குநர் என்ற முறையில் உங்கள் பெயருக்கே வந்த வரி நோட்டீஸ்

முதல் மூன்றும் நிறுவனத்தின் வழக்கு. ஆர்.பி. நடத்துவார், செலவு நிறுவனத்தின் சொத்திலிருந்து போகும். கடைசி இரண்டும் உங்கள் சொந்த வழக்கு, சொந்தச் செலவு. துறை எந்த வழக்கில் வந்தாலும் அதன் வக்கீலுக்கு அரசு கொடுக்கும்.

இதற்கு ஆதாரம் ஐ.பி.பி.ஐ. 2018 ஜூன் 12 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை. சி.ஐ.ஆர்.பி. செலவில் எவை சேரக்கூடாது என்று அது பட்டியலிடுகிறது. கடன் கொடுத்தவர், கிளெய்ம் போட்டவர், புரமோட்டர், இயக்குநர் குழு உறுப்பினர் ஆகியோர் இந்த நடைமுறை தொடர்பாகச் செய்யும் செலவு சேராது. கடன் கொடுத்தோர் குழு உறுப்பினரின் செலவும், அந்தக் குழு தனியாக அமர்த்திய நிபுணரின் செலவும் சேராது. நடைமுறை முடிந்தபின் ஆகும் செலவும் சேராது. சட்டக் கருத்து வேண்டுமென்றால் ஆர்.பி. வாங்க வேண்டும், அதற்கு மேலோ அதற்குப் பதிலாகவோ குழு தனியாக ஒன்று வாங்கினால் அதன் செலவு குழுவுடையது.

இந்தப் பட்டியலை அச்செடுத்துக் கையில் வையுங்கள். அது இரண்டு பக்கமும் வெட்டும். உங்கள் சொந்த வக்கீல் ஃபீஸை நிறுவனத்தின் தலையில் போட முடியாது. வரித்துறையோ வங்கியோ தங்கள் வக்கீல் செலவைச் சி.ஐ.ஆர்.பி. செலவு என்று எழுதி முன்வரிசையில் வாங்கிக்கொள்ளவும் முடியாது.

4. செலவுக்குத் தலையாட்டுவது யார் என்று பாருங்கள்

ஐ.ஆர்.பி.யின் செலவை முதலில் திவால் மனு போட்டவர்தான் ஏற்க வேண்டும் என்று ஒழுங்குமுறை 33 சொல்கிறது. பிறகு கடன் கொடுத்தோர் குழு, அதாவது சி.ஓ.சி., எவ்வளவை அங்கீகரிக்கிறதோ அவ்வளவு சி.ஐ.ஆர்.பி. செலவாகி அவருக்குத் திரும்பும். ஆர்.பி. வந்தபின் செலவை நிர்ணயிப்பது சி.ஓ.சி. தான், அது ஒழுங்குமுறை 34. ஆகவே வரி வழக்குக்கு ஆர்.பி. வக்கீல் வைத்தால், அந்த ஃபீஸ் சி.ஓ.சி. கூட்டத்தில் வந்து போக வேண்டும்.

சிறு நிறுவனங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. சி.ஓ.சி. என்றால் வங்கிகள் என்று எல்லோரும் நினைக்கிறோம். வங்கிக் கடனே இல்லாமல், இயக்குநர்களும் உறவினர்களும் போட்ட கடனில் ஓடிய நிறுவனம் என்றால் ஒழுங்குமுறை 16 வருகிறது. நிதிக் கடன் எதுவும் இல்லாவிட்டாலோ, நிதிக் கடன் கொடுத்தவர்கள் எல்லோரும் தொடர்புடைய நபர்களாகவே இருந்தாலோ, பெரிய தொகை வரவேண்டிய 18 ஆபரேஷனல் கடன் கொடுத்தவர்களும், தொழிலாளர், ஊழியர் சார்பில் ஒவ்வொருவரும் சேர்ந்து குழுவாக அமைவார்கள். அரசுக்குச் சேர வேண்டிய வரியும் திவால் சட்டத்தில் ஆபரேஷனல் கடன்தான். அப்படியானால் உங்கள் நிறுவனம் யாரை எதிர்த்து வழக்கு நடத்த வேண்டுமோ, அந்தத் துறையே குழுவில் உட்கார்ந்து அந்த வழக்கின் செலவுக்கு வாக்களிக்கும் நிலை வரலாம். நிறுவனத்தின் கடன் பட்டியலைப் பார்த்து, இது நடக்குமா என்று முதல் கூட்டத்துக்கு முன்பே கணித்துவிடுங்கள். நடக்கும் என்றால், வழக்கு நடத்துவதால் மற்ற கடன் கொடுத்தவர்களுக்கு எவ்வளவு மிச்சமாகும் என்று ஒரு பக்கத்தில் எழுதி ஆர்.பி.யிடம் கொடுங்கள். மற்றவர்களின் வாக்கு அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் விழும்.

உங்களுக்கு வாக்கு கிடையாது. ஆனால் அதிகாரம் நின்ற இயக்குநர்களும் சி.ஓ.சி. கூட்டத்துக்கு வரலாம் என்று 24ஆம் பிரிவு சொல்கிறது. கூட்டத்துக்கான ஆவணங்களும் அவர்களுக்குத் தரப்பட வேண்டும் என்று 2019 ஜனவரியில் விஜய் குமார் ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கூட்ட அறிவிப்போடு செலவு விவரத்தையும் கேட்டு வாங்குங்கள். நிபுணர்களின் பில் அவரவர் பெயரிலேயே இருக்க வேண்டும், பணம் அவரவர் வங்கிக் கணக்குக்கே நேராகப் போக வேண்டும் என்பது ஒழுங்குமுறை. அப்படி இல்லாத பில் கண்ணில் பட்டால் கூட்டத்திலேயே சொல்லிக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள்.

பட்ஜெட்டுக்காகச் சில தொகைகள். திவால் மனுக் கட்டணம், நிதிக் கடன் கொடுத்தவர் போடும் 7ஆம் பிரிவிலும் நிறுவனமே போடும் 10ஆம் பிரிவிலும் 25,000 ரூபாய், ஆபரேஷனல் கடன் கொடுத்தவர் போடும் 9ஆம் பிரிவில் 2,000 ரூபாய். 2022 அக்டோபர் 1-க்குப் பிறகு நியமனமான ஆர்.பி.க்குக் குறைந்தபட்ச ஃபீஸ் உண்டு. ஏற்கப்பட்ட கிளெய்ம் 50 கோடி வரை என்றால் மாதம் 1 லட்சம் ரூபாய். வக்கீல் ஃபீஸுக்கு, சேவை வாங்குபவரே வரி கட்டும் ரிவர்ஸ் சார்ஜ் முறையில் நிறுவனம் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிறு நிறுவனத்தின் கையிருப்பில் இவையே பெரிய பங்கை விழுங்கிவிடும். 20 லட்சம் ரூபாய் வரித் தகராறுக்கு வழக்கு நடத்துவது நிறுவனத்துக்கு லாபமா என்பதைத் தொகையைப் போட்டுப் பார்க்காமல் யாரும் முடிவு செய்யக்கூடாது.

5. துறையின் கிளெய்மைச் சரிபாருங்கள்

ஐ.ஆர்.பி. பொது அறிவிப்பு கொடுத்து, நியமனத்திலிருந்து 14 நாளில் கிளெய்ம் கேட்பார். துறைகள் தாமதமாக வருவது வழக்கம், தாமதமாக வருவதற்கும் ஒழுங்குமுறையில் இடம் உண்டு. வரும் தொகையில் வரி, வட்டி, அபராதம் மூன்றும் ஒன்றாகக் கலந்திருக்கும். ஆர்.பி.க்கு உங்கள் நிறுவனத்தின் பழைய கதை தெரியாது. கட்டிய சலானைக் காட்டாவிட்டால் அவர் உத்தரவில் இருக்கும் தொகையைத்தான் எடுத்துக்கொள்வார்.

கொடுக்க வேண்டியவை: எலக்ட்ரானிக் கேஷ் லெட்ஜர், கிரெடிட் லெட்ஜர், லயபிலிட்டி லெட்ஜர், டி.ஆர்.சி.-03 வழியே கட்டியதற்கான ஒப்புகை, டி.ஆர்.சி.-07 உத்தரவுகள், அப்பீலுக்குக் கட்டிய முன்வைப்புத் தொகையின் சலான், வருமான வரிக்குப் படிவம் 26ஏஎஸ், 143(1) அறிவிப்புகள். போர்ட்டல் பாஸ்வேர்டை ஒப்படைப்பதற்கு முன் இவற்றையெல்லாம் பி.டி.எஃப். ஆக இறக்கி ஒரு பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். பதிவு கைமாறிய பிறகு ஒரு சலான் பிரதிக்காக நீங்கள் கெஞ்ச வேண்டியிருக்கும்.

இந்தச் சரிபார்ப்புக்கு யாரும் வக்கீல் வைக்கத் தேவையில்லை. ஆடிட்டர் போதும். ஆர்.பி. நியமித்த ஆடிட்டர் செய்தால் அது சி.ஐ.ஆர்.பி. செலவு. உங்கள் ஆடிட்டரை நீங்களாகச் செய்யச் சொன்னால் உங்கள் செலவு.

6. வங்கியிலிருந்து எடுத்த பணமா? தேதி தேதியாக எழுதுங்கள்

பாக்கிக்காகத் துறை வங்கிக்கு டி.ஆர்.சி.-13 நோட்டீஸ் கொடுத்து, கணக்கிலிருந்து பணம் எடுத்திருக்கலாம். பணம் துறைக்குப் போய்ச் சேர்ந்தது மொரட்டோரியத்துக்குப் பிறகு என்றால், 60(5) பிரிவின் கீழ் என்.சி.எல்.டி.யில் இடைமனு போட்டு ஆர்.பி. திரும்பக் கேட்கலாம். மொரட்டோரியத்தின்போது துறை தொகையை மதிப்பிடலாம், வசூலிக்க முடியாது என்பதை 2022 ஆகஸ்டில் சுந்தரேஷ் பட் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அது சுங்க வரி வழக்கு.

நோட்டீஸ் முன்னால், பணப் பரிமாற்றம் பின்னால் என்று இருந்தால்தான் சண்டை பெரிதாகும். நோட்டீஸ் தேதி, வங்கி கணக்கை முடக்கிய தேதி, டி.டி. எடுத்த அல்லது பணம் மாற்றிய தேதி, அட்மிஷன் தேதி ஆகிய நான்கையும் ஒரே தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் வங்கி ஸ்டேட்மென்ட் பக்கத்தை இணைத்து ஆர்.பி.யிடம் கொடுங்கள். வக்கீல் இதைத் தேடி எடுக்க வேண்டியிருந்தால் அந்த நேரத்துக்கும் பில் வரும்.

அட்மிஷனுக்கு முன்பே முழுதாகப் போய்விட்ட பணம் வேறு கதை. 43ஆம் பிரிவின்படி ஒரு கடன் கொடுத்தவருக்கு மட்டும் சலுகை காட்டிய பரிமாற்றம் என்று அதை ஆர்.பி. எதிர்க்கப் பார்க்கலாம். தொடர்பில்லாத நபர் என்றால் தொடக்கத் தேதிக்கு முந்தைய ஓராண்டு, தொடர்புடைய நபர் என்றால் இரண்டு ஆண்டு வரை பின்னோக்கிப் போகலாம். வழக்கமான வணிக ஓட்டத்தில் நடந்த பரிமாற்றத்துக்கு விலக்கு உண்டு என்பதால், மாதாமாதம் உரிய தேதியில் கட்டிய வரியைப் பிடிப்பது கடினம். இப்படிப்பட்ட வழக்கு, நிறுவனத்தை மீட்பதற்கான தீர்வுத் திட்டம் முடிவான பிறகும் இழுக்கும். அப்போது அதன் செலவு சி.ஐ.ஆர்.பி. செலவு ஆகாது. யார் நடத்துவது, வரும் பணம் யாருக்கு என்பதை ஒழுங்குமுறை 38-இன்படி திட்டத்திலேயே எழுத வேண்டும். வழக்குச் செலவு யாருடையது என்பதையும் அதே இடத்தில் எழுதச் சொல்லி, வரைவு சி.ஓ.சி.க்கு வரும்போதே கேளுங்கள்.

7. அப்பீல் காலக்கெடுவைக் கைமாற்றத்தில் தொலைத்துவிடாதீர்கள்

இதைப் படிக்கும் இயக்குநர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள் என்றுதான். ஜி.எஸ்.டி. உத்தரவை எதிர்த்து முதல் அப்பீலுக்கு உத்தரவு கிடைத்த நாளிலிருந்து 3 மாதம். காரணம் காட்டினால் இன்னும் 1 மாதம். அதற்கு மேல் அப்பீல் அதிகாரிக்கே மன்னிக்க அதிகாரமில்லை. அட்மிஷனுக்குப் பிறகு நிறுவனத்தின் பெயரில் நீங்கள் கையெழுத்துப் போட்டு அப்பீல் போட முடியாது. நீதிமன்றங்களிலும் வரி அதிகாரிகளிடமும் நிறுவனத்துக்காக நிற்கும் அதிகாரம் 25ஆம் பிரிவில் ஆர்.பி.க்குப் போய்விட்டது. புதிதாக வந்த அவர் கோப்பைப் படித்து, குழுவிடம் செலவுக்கு ஒப்புதல் வாங்குவதற்குள் காலம் ஓடிவிடும்.

முதல் வாரத்திலேயே ஒரு அட்டவணை கொடுங்கள்: உத்தரவு எண், கிடைத்த தேதி, தொகை, கடைசி நாள், கட்ட வேண்டிய முன்வைப்பு. மின்னஞ்சலில் அனுப்பி, பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். ஒத்துழைப்பது 19ஆம் பிரிவின்படி உங்கள் கடமை. பின்னால் உங்கள் பெயருக்கு நோட்டீஸ் வரும்போது அலட்சியமாக இருக்கவில்லை என்று காட்ட இந்தத் தபால் ரசீதும் உதவும்.

முன்வைப்பு என்பது தகராறில் உள்ள வரியில் 10 சதவீதம். அது வக்கீல் செலவு இல்லை, ஜெயித்தால் திரும்பும். ஆனால் நிறுவனத்தின் கையிலிருக்கும் ரொக்கத்திலிருந்து இப்போதே போக வேண்டும் என்பதால், சி.ஓ.சி.யில் பெரும்பாலும் இதில்தான் தடை வரும்.

8. உங்கள் பெயருக்கு வந்த நோட்டீஸுக்குத் தனி வக்கீல், தனி பில்

மொரட்டோரியம் நிறுவனத்துக்குத்தான். 2021 மார்ச் 1 அன்று மோகன்ராஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம், காசோலை வழக்கில் நிறுவனத்துக்குக் கிடைக்கும் பாதுகாப்பு இயக்குநருக்குக் கிடைக்காது என்று தீர்ப்பளித்தது. வரியில் இயக்குநரைத் தொடுவதற்குத் தனிப் பிரிவுகளே இருக்கின்றன. மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தில் 89, கலைப்புக்குப் போன பிரைவேட் கம்பெனிக்கு 88(3). வருமான வரியில் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 179. 2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிக்குப் புதிய சட்டம் என்பதால், நோட்டீஸில் வேறு பிரிவு எண்ணைக் கண்டால் குழம்ப வேண்டாம்.

எல்லாவற்றிலும் மையமான கேள்வி ஒன்றுதான்: பணம் வசூலாகாமல் போனதற்கு உங்கள் பெரும் அலட்சியமோ, முறைகேடோ, கடமை மீறலோ காரணமா? இல்லை என்று நிரூபிக்கும் சுமை உங்கள் மேல். கூட்ட நடவடிக்கைக் குறிப்புகள், பெரிய வாடிக்கையாளரிடம் பாக்கி நின்றதற்கான கடிதங்கள், வங்கி வரம்பைக் குறைத்த கடிதம் எல்லாம் சாட்சியம். வரி எந்தக் காலத்தைச் சேர்ந்ததோ அப்போது நீங்கள் இயக்குநராக இருந்தீர்களா என்பதும் முக்கியம். இடையில் விலகியிருந்தால் ராஜினாமாக் கடிதமும் டி.ஐ.ஆர்.-12 படிவப் பிரதியும் வேண்டும்.

இந்தச் செலவு முழுக்க உங்களுடையது. நிறுவனத்துக்கு ஆஜராகும் அதே வக்கீல் உங்களுக்கும் ஆஜராகி ஒரே பில் போடுவதை ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த பில் முழுவதையும் ஆர்.பி. நிராகரிக்க அது வழி செய்யும். தனி வக்காலத்து, தனி ஒப்பந்தக் கடிதம், சொந்தக் கணக்கிலிருந்து பணம். நிறுவனம் இயக்குநர் பொறுப்புக் காப்பீடு எடுத்திருந்தால், வழக்காடும் செலவு அதில் அடங்குமா என்று பாலிசியைப் பாருங்கள். நோட்டீஸ் வந்ததைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே தெரிவிக்காவிட்டால் கிளெய்ம் கெட்டுவிடும்.

தீர்வுத் திட்டத்தை என்.சி.எல்.டி. ஏற்றுவிட்டால், அதில் இல்லாத பழைய வரிப் பாக்கி நிறுவனத்தைப் பொறுத்தவரை முடிந்தது. 2021 ஏப்ரலில் கன்ஷியாம் மிஸ்ரா வழக்கு அதை உறுதி செய்தது. அதை வைத்து உங்கள் சொந்தப் பொறுப்பும் முடிந்தது என்று நோட்டீஸுக்குப் பதில் போடாமல் இருந்துவிடாதீர்கள்.

9. ஜெயித்தால் செலவு திரும்புமா?

தீர்ப்பாயத்துக்குச் செலவுத் தொகை விதிக்கும் அதிகாரம் விதிகளிலேயே இருக்கிறது; நடைமுறையைத் துஷ்பிரயோகம் செய்தால் கூடுதலாகவும் விதிக்கலாம். மோசடியாகவோ கெட்ட எண்ணத்தோடோ திவால் நடைமுறையைத் தொடங்கியவருக்கு 65ஆம் பிரிவில் 1 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் வரித் தொகை பற்றிய சாதாரணத் தகராறில் உத்தரவின் கடைசி வரி பெரும்பாலும் "செலவுத் தொகை இல்லை" என்றே இருக்கும். அவரவர் செலவு அவரவருக்கு. வக்கீல் ஃபீஸ் திரும்பும் என்ற நம்பிக்கையில் கடன் வாங்கி வழக்கு நடத்த வேண்டாம்.

செலவுத் தொகை கேட்பதாக இருந்தால் மனுவின் வேண்டுகோள் பகுதியிலேயே கேளுங்கள், ஃபீஸ் ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். நிறுவனத்துக்குச் சாதகமாக வரும் செலவுத் தொகை நிறுவனத்தின் சொத்து. அதில் உங்களுக்குப் பங்கு கிடையாது.

உத்தரவு எதிராக வந்தால் மேல் தீர்ப்பாயமான என்.சி.எல்.ஏ.டி.க்கு 30 நாளில் அப்பீல், காரணம் இருந்தால் மேலும் 15 நாள். தமிழ்நாட்டு வழக்குகளுக்குச் சென்னையிலேயே அமர்வு இருக்கிறது. இந்த 30 நாள், உத்தரவைப் படித்துச் சொன்ன நாளிலிருந்து ஓடும். இலவசப் பிரதி வரட்டும் என்று காத்திருந்தவரின் அப்பீல் நிற்கவில்லை. 2021 அக்டோபரில் வி. நாகராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் முடித்தது. சான்றிட்ட பிரதிக்கு விரைந்து விண்ணப்பியுங்கள். அதைத் தயாரிக்க ஆன நாட்கள் கணக்கில் கழியும். அட்மிஷன் உத்தரவை எதிர்த்து நீங்கள் போகும் அப்பீலுக்கும் இதே கணக்குதான், செலவு உங்களுடையது.

10. நிறுவனம் கலைப்புக்குப் போனால்

எல்லாம் மறுபடி தொடங்கும். கலைப்பு அதிகாரியான லிக்விடேட்டரிடம் 30 நாளுக்குள் புதிதாகக் கிளெய்ம். வரித்துறைக்கு இப்போது படிவம் சி. அவர் முடிவு பிடிக்காத கடன் கொடுத்தவர் 14 நாளில் என்.சி.எல்.டி.க்குப் போகலாம், தன் செலவில். நிறுவனத்துக்காகப் புதிய வழக்குப் போட லிக்விடேட்டருக்கு என்.சி.எல்.டி.யின் முன் அனுமதி வேண்டும். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 88ஆம் பிரிவின்படி தன் நியமனத்தை அவர் 30 நாளில் துறைக்குத் தெரிவிக்க வேண்டும், துறை 3 மாதத்தில் தொகை சொல்ல வேண்டும்.

பணம் பிரியும் வரிசை 53ஆம் பிரிவில். முதலில் சி.ஐ.ஆர்.பி. செலவும் கலைப்புச் செலவும் முழுதாக. வரி வழக்குக்கு ஆர்.பி.யும் லிக்விடேட்டரும் வைத்த வக்கீல்களின் ஃபீஸ் இங்கே வந்துவிடுகிறது. பிறகு தொழிலாளரின் 24 மாத நிலுவையும், பிணையை விட்டுக்கொடுத்த, கடன் கொடுத்தவரின் தொகையும் சமமாக. பிறகு ஊழியரின் 12 மாதச் சம்பளம், பிணையில்லா நிதிக் கடன். அதற்கும் கீழேதான் அரசுக்குச் சேர வேண்டிய இரண்டு ஆண்டுத் தொகை.

2022 செப்டம்பரில் ரெயின்போ பேப்பர்ஸ் வழக்கு, குஜராத் வாட் சட்டத்தின் முதல் உரிமைப் பிரிவை வைத்து அரசைப் பிணையோடு கடன் கொடுத்தவராகக் கருதியது. அடுத்த ஆண்டு ஜூலையில் ராமன் இஸ்பாத் வழக்கில் அதே நீதிமன்றம், அது அந்த வழக்கின் விவரங்களுக்கு மட்டுமானது என்று சுருக்கியது. துறை ரெயின்போவைக் காட்டி மேல்வரிசை கேட்டால், இரண்டாவது தீர்ப்பையும் சட்டத்தின் அன்றைய வாசகத்தையும் லிக்விடேட்டரின் மேஜையில் வைக்கச் சொல்லுங்கள். இந்த ஒரு புள்ளிக்காக நடக்கும் வழக்கின் செலவு முதல் வரிசையிலிருந்து போகிறது என்பதால், கீழே நிற்கும் ஊழியருக்கும் சப்ளையருக்கும் கிடைப்பது ஒவ்வொரு வாய்தாவுக்கும் குறையும். சமரசத்துக்கு வழியிருந்தால் இந்த இடத்தில் அதைத் தேடும்படி எழுத்தில் கேளுங்கள்.

ஜி.எஸ்.டி. கணக்குகளை ஆண்டு ரிட்டர்ன் கெடுத் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும், அப்பீல் நடந்தால் அதற்கு மேலும். மூலப் பிரதிகள் லிக்விடேட்டரிடம் போய்விடும். கொடுக்கும்போது பட்டியல் போட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் அவருடைய கையெழுத்தும் தேதியும் வாங்கி, ஸ்கேன் பிரதியோடு அந்தப் பட்டியலை உங்கள் வக்கீலிடம் ஒன்றும் வீட்டில் ஒன்றுமாக வையுங்கள். 88(3) நோட்டீஸ் நிறுவனம் கலைக்கப்பட்ட பிறகும் வரலாம்.